கட்ச் பயணம்: புஜ்ஜில் தங்குவதா, தோர்டோவிலா, தோலாவிராவிலா?

குஜராத்தில் இருக்கும் கட்ச் போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "டென்ட் சிட்டியில் ரெண்டு ராத்திரி பேக்கேஜ் எடுக்கட்டுமா, மூணு ராத்திரி எடுக்கட்டுமா?" எங்கே தங்குவது என்பதை விளம்பரமே முடிவு செய்துவிட்டது, நாள் கணக்கு மட்டும்தான் பாக்கி என்கிற மாதிரி. நான் சொல்லும் பதில் அவர்களுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை: புஜ்ஜில் தங்குங்கள், வெள்ளை ரான் என்கிற உப்பு வெளிக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி, தோலாவிராவில் ஒரு ராத்திரி, அவ்வளவுதான். இது எல்லாருக்கும் பொருந்துகிற பதில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும், அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்கள் வீட்டு ஆட்களுக்கும் உங்கள் பர்ஸுக்கும் எது சரிப்படும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் தூரம். கட்ச் இந்தியாவிலேயே பரப்பளவில் பெரிய மாவட்டம், 45,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். கேரளா முழுவதையும் உள்ளே வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும். இதில் நடுவே இருப்பது புஜ். வடக்கே 80 கிலோமீட்டர் சொச்சத்தில் தோர்டோ, அதாவது படங்களில் பார்க்கிற வெள்ளை உப்பு வெளி. தெற்கே 60 கிலோமீட்டரில் மாண்ட்வி, கடற்கரை. வடமேற்கே 130 கிலோமீட்டருக்கு மேல் போனால் லக்பத், பாகிஸ்தான் எல்லைக்குப் பக்கத்தில். வடகிழக்கே தோலாவிரா, ஹரப்பா காலத்து நகரம். மேப்பில் இதையெல்லாம் ஒரு வட்டம் போட்டுச் சுற்றிவிடலாம் என்று தோன்றும், ஆனால் இந்த இடங்களுக்கு நடுவே குறுக்குப் பாதை என்று பெரிதாக எதுவும் கிடையாது, பெரும்பாலும் ஒவ்வொரு திசைக்கும் போய்விட்டு புஜ்ஜுக்கே திரும்பி வந்துதான் அடுத்த திசைக்குக் கிளம்ப வேண்டும். தோர்டோவில் மூன்று ராத்திரி போட்டுவிட்டு அங்கிருந்து மாண்ட்வி பார்க்கலாம் என்று திட்டம் போடுபவர்கள் ஒரே ரோட்டில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது மாதம். ரான் என்பது ராஜஸ்தானில் பார்க்கிற மணல்மேடுப் பாலைவனம் இல்லை. மழைக்காலத்தில் கடல் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் வந்து தேங்கி, பிறகு மாதக்கணக்கில் வற்றி, வற்றிய இடத்தில் உப்புப் படிந்து கிடப்பதுதான் அந்த வெள்ளை. அதனால் தீபாவளி லீவில் போனால் நீங்கள் எதிர்பார்த்து வந்த வெள்ளை இருக்காது, சேறும் தண்ணீரும் அங்கங்கே உப்புமாகத்தான் இருக்கும், அந்த வருடம் மழை நன்றாகப் பெய்திருந்தால் டிசம்பரில்கூட நடந்துபோகும் இடம் சொதசொதவென்றுதான் கிடக்கும். டிசம்பர் பாதிக்கு மேல் பிப்ரவரி வரைதான் நம்பிப் போகக்கூடிய காலம். மார்ச்சில் வெயில் ஏற ஆரம்பித்துவிடும், மே மாதத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஜனவரி ராத்திரியில் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். நம் ஊரில் மார்கழிக் குளிருக்கு மஃப்ளர் கட்டுகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், டென்டில் தங்குவதா கட்டிடத்தில் தங்குவதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

டென்ட் சிட்டியிலிருந்தே தொடங்குகிறேன். ரான் உத்சவ் என்ற பெயரில் குளிர்காலத்தில் சில மாதங்கள் நடக்கும் அரசு விழா, அதற்காக தோர்டோவில் நூற்றுக்கணக்கான டென்ட்களைக் கொண்டு ஒரு தற்காலிக ஊரையே எழுப்புகிறார்கள். பேக்கேஜ் எடுத்தால் புஜ் ரயில் நிலையத்திலிருந்தோ விமான நிலையத்திலிருந்தோ குறிப்பிட்ட நேரத்துக்கு பஸ்ஸில் கூட்டிப்போவார்கள், மூன்று வேளை சாப்பாடு, சாயங்காலம் வெள்ளை ரான், ராத்திரி ஆட்டம் பாட்டம். எதையும் யோசிக்க வேண்டாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. வயதானவர்களை அழைத்துப் போகிறீர்கள், வண்டி பேசுவது, ஓட்டல் தேடுவது, ஹிந்தியில் பேரம் பேசுவது எதுவும் உங்களுக்கு ஒத்துவராது என்றால் இதையே எடுங்கள், தப்பில்லை. சுத்தமான கழிப்பறை, வெந்நீர், குஜராத்தி தாலி, எல்லாம் சரியாகவே இருக்கும்.

ஆனால் காசு. நல்ல டென்டில் இரண்டு பேருக்கு ஒரு ராத்திரிக்குக் கொடுப்பதில் புஜ்ஜில் நல்ல ஓட்டலில் மூன்று நான்கு ராத்திரி தங்கிவிடலாம், அதுவும் பௌர்ணமி ராத்திரி என்றால் கட்டணம் இன்னும் ஏறும், பல வாரம் முன்பே தீர்ந்தும்போகும். காசைவிட எனக்கு உறுத்துவது வேறு. தனிமையாகக் கிடக்கும் ஒரு உப்பு வெளியைப் பார்க்க அவ்வளவு தூரம் வந்துவிட்டு, ஸ்பீக்கர் சத்தத்திலும் பஃபே வரிசையிலும் பாதி நேரத்தைக் கழிக்கிறோம். வெள்ளை ரானுக்கு அவர்கள் கூட்டிப்போகும் நேரத்தில்தான் மற்ற எல்லாரும் வருகிறார்கள். இரண்டாவது நாள் அங்கே புதிதாகப் பார்க்க ஒன்றும் இருக்காது, அதனால்தான் பேக்கேஜில் காளோ டுங்கர் மலை, மாண்ட்வி என்று வெளியே கூட்டிப்போகிறார்கள், அதை நாமே புஜ்ஜிலிருந்து பாதிக் காசில் செய்துகொள்ளலாம்.

இதே பக்கத்தில் தங்க இன்னொரு வழி இருக்கிறது, நான் சிபாரிசு செய்வது அதைத்தான். தோர்டோவுக்குப் போகிற வழியில் பன்னி புல்வெளிக்குள் ஹோட்கா என்று ஒரு கிராமம். அங்கே ஷாம்-ஏ-சர்ஹத் என்ற விடுதியை ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள், தோர்டோ ஊராட்சியும் இதே மாதிரி ஒன்று வைத்திருக்கிறது, இவை போக சின்னச் சின்ன தங்குமிடங்கள் ரோட்டோரமாக நிறைய வந்துவிட்டன. இவற்றில் பெரும்பாலும் கிடைப்பது புங்கா, அதாவது வட்டமான மண்சுவர் வீடு, மேலே கூம்பாகக் கூரை, உள்ளே சுவரில் களிமண் கோலமும் அதில் பதித்த சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளும். பார்ப்பதற்கு அழகு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. வட்டச் சுவர் என்பதால் 2001 நிலநடுக்கத்தை இந்த வீடுகள் மற்ற கட்டிடங்களைவிட நன்றாகத் தாங்கின, மண்சுவர் தடியாக இருப்பதால் ராத்திரிக் குளிரும் டென்ட் மாதிரி எலும்புக்குள் இறங்காது. சாப்பாட்டுக்குக் கம்பு ரொட்டி, கூடவே வெண்ணெய், கத்தரிக்காயைச் சுட்டு மசித்த ஓளோ, கிச்சடி, மோர்க்குழம்பு மாதிரியான கடி, மோர். புஜ்ஜில் சாப்பிடும் தாலியைவிட இது எளிமை, ஆனால் அந்த வெண்ணெய்க்காகவே ஒருமுறை உட்காரலாம், பன்னி எருமைப் பால் அது. பன்னி எருமை என்பது தனி இனமாகவே அங்கீகரிக்கப்பட்டது, பகல் வெயிலில் இல்லாமல் ராத்திரியில் தானாக மேயப் போய்விட்டு விடிகாலையில் வீடு திரும்பும் வழக்கம் அதற்கு. ஹோட்காவில் விடியற்காலையில் எழுந்து வெளியே வந்தால் இதைப் பார்க்கலாம். புல்வெளி என்று பெயர்தானே தவிர, நம் ராமநாதபுரம் பக்கம் போல அங்கேயும் சீமைக்கருவேலம் புகுந்து பாதி நிலத்தை மூடிவிட்டது, அது வேறு கதை.

வெள்ளை ரானுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். பிரண்டியாரா சோதனைச் சாவடியில் வாங்கலாம், இணையத்திலும் எடுக்கலாம், கட்டணம் பெரிய தொகை இல்லை, ஆனால் ஆதார் மாதிரி ஒரு அடையாள அட்டை குழுவில் ஒவ்வொருவருக்கும் கையில் இருக்க வேண்டும். அதே பிரண்டியாராவில் ரோட்டோரக் கடைகளில் மாவா விற்பார்கள், சுண்டக் காய்ச்சிய பால்கோவா மாதிரி, சூடாகக் கிடைத்தால் விடாதீர்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரத்தில் கடக ரேகை என்று ஒரு பலகை நிற்கும், எல்லாரும் இறங்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து உப்பு வெளி வரை கொஞ்ச தூரம் நடக்க வேண்டும், முட்டி வலிக்காரர்களுக்கு ஒட்டக வண்டி இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குப் போய் இருட்டும் வரை நில்லுங்கள். கூட்டம் எல்லாம் வாட்ச் டவரைச் சுற்றித்தான் நிற்கும், இருநூறு மீட்டர் தள்ளி நடந்தால் போதும், சத்தம் குறைந்துவிடும். மதியம் போவது வீண், கண் கூசும், படமும் வராது, கருப்புக் கண்ணாடி இல்லாவிட்டால் தலைவலிதான் மிஞ்சும்.

இந்த ஒரு மாலைக்காகத்தான் அந்தப் பக்கம் ஒரு ராத்திரி தங்கச் சொல்கிறேன். புஜ்ஜிலிருந்து போய்விட்டு அதே ராத்திரி திரும்பலாம், ரோடும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இருட்டில் அந்த ரோட்டில் எருமைகள் நிற்கும், காவ்டா என்ற ஊர்ப் பக்கம் பெரிய சூரிய மின்சாரப் பூங்கா வேலை நடப்பதால் லாரிகளும் ஓடும். அதோடு ஏழு மணிக்கு "கிளம்பலாமா சார்" என்று டிரைவர் பார்க்கும் பார்வை, அதுதான் நிலா மேலே ஏறுகிற நேரம்.

புஜ்ஜுக்கு வருகிறேன். இதைப் பலரும் ரயில் இறங்குகிற ஊர் என்று மட்டும் நினைக்கிறார்கள். ஆனால் இதுவே ஒரு முழு நாள் பார்க்கிற ஊர். ஹமீர்சர் ஏரி ஓரமாக இரண்டு அரண்மனைகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. ஒன்று ஆயினா மஹால், 18ஆம் நூற்றாண்டில் கண்ணாடியும் ஓடுகளும் வைத்து இழைத்தது, இன்னொன்று பிராக் மஹால், அதற்கு நூறு வருடம் பிந்தியது, ஐரோப்பிய பாணி, மேலே மணிக்கூண்டு. இரண்டுமே 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் அடிவாங்கியவை, ஆயினா மஹாலில் இடிந்த பகுதியின் சுவடு இன்னும் தெரியும். ஊருக்கு வெளியே புஜியோ மலையில் 2022இல் திறந்த ஸ்மிருதிவன் நினைவிடம், நிலநடுக்கத்தில் இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்த நீர்த்தேக்கங்களும் ஒரு பெரிய அருங்காட்சியகமும் இருக்கிறது, தரை குலுங்குவதை உணரவைக்கும் அறைகூட உண்டு. அரைநாள் ஒதுக்குங்கள். குழந்தைகளைக் கூட்டிப்போகலாம், ஆனால் அந்தக் குலுக்கல் அறைக்கு முன்னால் அவர்களிடம் கொஞ்சம் சொல்லிவையுங்கள்.

புஜ்ஜிலிருந்து ஒரு நாள் கைவினைக்கு. நாள் இருந்தால் இதை நான் வெட்டச் சொல்ல மாட்டேன். நகரை ஒட்டியே புஜோடி, நெசவு ஊர், சால்வை வாங்க ஏற்ற இடம். இன்னும் கொஞ்சம் தள்ளி அஜ்ரக்பூர், அஜ்ரக் அச்சுத் துணி, அவுரி நீலமும் செம்மண் சிவப்பும். அந்த ஊரிலேயே எல்எல்டிசி என்ற எம்ப்ராய்டரி அருங்காட்சியகம், கட்ச்சின் ஒவ்வொரு சமூகத்தின் தையலும் எப்படி வேறுபடுகிறது என்று அங்கே பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் எது கைத்தையல் எது மெஷின் தையல் என்பது தானாகவே பிடிபடும், கடைக்காரர் விலை சொல்லும்போது முகம் வெளிறாது.

பிறகு வடக்கே 40 கிலோமீட்டரில் நிரோணா. ரோகன் ஓவியம் இங்கே ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த கலை. ஆமணக்கெண்ணெயை மணிக்கணக்கில் காய்ச்சி, தண்ணீரில் ஊற்றி, அது பிசின் மாதிரி இறுகியதும் நிறப்பொடி கலந்து வைத்திருப்பார்கள். வரைகிறவர் அதில் ஒரு உருண்டையை எடுத்து இடது உள்ளங்கையில் வைத்து, ஒரு சின்ன இரும்புக் கம்பியால் குழைத்துக்கொண்டே இருப்பார், கைச்சூட்டில் அது இளகும், கம்பியை மேலே தூக்கினால் நூலாக இழுபடும். அந்த நூலை அப்படியே துணி மேல் இறக்குகிறார். கம்பி துணியைத் தொடுவதே இல்லை, முன்கூட்டிப் பென்சில் கோடும் போடுவதில்லை. மரத்தின் ஒரு பாதியை மட்டும் வரைந்து முடித்ததும் துணியை நடுவில் மடித்து மெல்ல அழுத்திப் பிரிப்பார், மறுபாதி அச்சாக விழுந்திருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வோம். நிரோணாவிலேயே செம்பு மணி செய்கிறவர்களும் இருக்கிறார்கள், உருக்கி வார்க்காமல், தகட்டை வளைத்து மடித்துப் பொருத்தியே செய்கிறார்கள், கடைசியில் சுத்தியலால் தட்டித் தட்டி ஸ்வரம் சரிசெய்வார்கள். இங்கே போகும்போது எதையும் வாங்காமல் திரும்பினாலும் யாரும் கோபிப்பதில்லை, ஆனால் சின்னதாக ஏதாவது வாங்குங்கள், அரைமணி நேரம் உட்கார்ந்து வரைந்து காட்டுகிறார்களே.

மாண்ட்வி ஒரு நாள் பயணமாகச் சரியாக இருக்கும். ருக்மாவதி ஆற்றங்கரையில் மரக் கப்பல் கட்டுகிறார்கள், நான்கு மாடி உயரத்துக்கு நிற்கும் மர எலும்புக்கூடுகளை ரோட்டிலிருந்தே பார்க்கலாம். விஜய் விலாஸ் அரண்மனை ஒரு மணி நேரம். கடற்கரை சுமார்தான், மெரினாவையும் திருச்செந்தூரையும் பார்த்தவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் தாபேலி பிறந்த ஊர் இது, பன்னுக்குள் காரசாரமான உருளைக்கிழங்கு, மாதுளை முத்து, வறுத்த வேர்க்கடலை. இரண்டு சாப்பிட்டால் மதியச் சாப்பாடு முடிந்தது.

லக்பத் பற்றி இரண்டு மனசாக இருக்கிறேன். ஒருகாலத்தில் சிந்து நதியின் கிளை ஓடியதால் செழித்த துறைமுகம். 1819இல் வந்த நிலநடுக்கத்தில் அல்லா பந்த் என்று அழைக்கப்படும் மேடு எழுந்தது, ஆற்றுத் தண்ணீர் வருவது நின்றது, ஊரும் படிப்படியாகக் காலியானது. இன்று ஏழு கிலோமீட்டர் கோட்டைச் சுவருக்குள் சில வீடுகள், ஒரு குருத்வாரா, சில மசூதி, தர்கா. மதில் மேல் ஏறினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேற்று வெளி. வழியில் மாதா நோ மட், கொஞ்சம் விலகிப் போனால் நாராயண் சரோவர், கோடேஷ்வர் கோவில்கள். எல்லாம் சேர்த்தால் காலை ஆறு மணிக்குக் கிளம்பி ராத்திரிதான் திரும்ப முடியும். கோவில் யாத்திரை முக்கியம் என்பவர்களுக்கும் சரித்திரப் பைத்தியங்களுக்கும் கட்டாயம் உண்டு. மற்றவர்கள், முக்கியமாகச் சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள், அந்த நாளைத் தோலாவிராவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

தோலாவிராவைப் பற்றித்தான் நிறைய பேர் தப்பான கணக்குப் போடுகிறார்கள். முன்பெல்லாம் பசாவ், ராப்பர் வழியாக 200 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிப் போக வேண்டும். இப்போது காவ்டாவிலிருந்து ரானை நேராக வெட்டிக்கொண்டு ஒரு ரோடு போட்டுவிட்டார்கள், 'ரோடு டு ஹெவன்' என்று இன்ஸ்டாகிராமில் ஓடுகிறதே, அதுதான். இரண்டு பக்கமும் உப்பு, இல்லாவிட்டால் தேங்கிய தண்ணீர், நடுவில் ரோடு. இதனால் புஜ்ஜிலிருந்து சுமார் 140 கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது. உடனே எல்லாரும் அதை ஒரு நாள் பயணமாக்கிவிட்டார்கள். காலையில் கிளம்பி, ரோட்டில் இறங்கிப் படம் எடுத்து, காளோ டுங்கர் ஏறி, மதியம் இரண்டு மணிக்குத் தோலாவிரா சேர்ந்து, ஒரு மணி நேரம் வெயிலில் கல்லைப் பார்த்துவிட்டு ஓடிவருவது. ஒரு பயண ஏஜென்ட் எனக்கு அனுப்பிய திட்டத்தில் இதோடு சாயங்காலம் வெள்ளை ரானும் சேர்த்திருந்தார்கள், அந்த வண்டிக்கு இறக்கை முளைத்தால்தான் முடியும்.

அது ஒரு மணி நேர இடம் இல்லை. 1960களில் கண்டுபிடித்து, 1990 முதல் தொல்லியலாளர் ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் பல வருடங்கள் தோண்டிய நகரம், 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மொஹஞ்சதாரோவும் ஹரப்பாவும் எல்லைக்கு அந்தப்பக்கம் போய்விட்டன, நம்மால் சுலபமாகப் போய்ப் பார்க்கக்கூடிய பெரிய சிந்துவெளி நகரங்களில் முக்கியமானது இதுதான். மற்ற ஊர்களில் செங்கல் என்றால் இங்கே கல். மழை பெய்தால் மட்டும் ஓடும் மன்சர், மன்ஹர் என்ற இரண்டு ஓடைகளுக்கு நடுவில் நகரம், ஓடைத் தண்ணீரைத் தடுத்துத் திருப்பி, நகரைச் சுற்றி வரிசையாக வெட்டிய குளங்களில் நிரப்பியிருக்கிறார்கள். கிழக்குப் பக்கக் குளம் 70 மீட்டருக்கு மேல் நீளம், இறங்கப் படிக்கட்டு, சில இடங்களில் பாறையையே குடைந்திருக்கிறார்கள். சுற்றிலும் உப்பு, குடிக்கிற தண்ணீர் முழுவதும் மழையை நம்பி, அதிலும் ஆயிரம் வருடத்துக்கு மேல் ஊர் நடத்தியிருக்கிறார்கள். ஏரி, கண்மாய், தெப்பக்குளம் என்று வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரிந்துவிடும், வழிகாட்டி சொல்லும் முன்பே மதகு எங்கே இருந்திருக்கும் என்று கண் தேடும்.

வடக்கு வாசலில் ஒரு இடத்தைக் காட்டுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு அடிக்கு மேல் உயரமான பத்து எழுத்துகளை ஜிப்சத்தில் இழைத்துப் பலகையில் பதித்திருந்தார்கள், பலகை மக்கிப்போய் எழுத்துகள் மட்டும் கிடைத்தன. இன்னும் யாராலும் படிக்க முடியவில்லை. ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் வாழ்நாள் முழுக்க உழைத்ததும், தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்ததும் இந்தச் சிந்துவெளி எழுத்துகளைப் படிப்பதற்காகத்தான். அங்கே நிற்கும்போது கொஞ்சம் சிலிர்க்கும், பொய் சொல்ல மாட்டேன்.

அதனால் தோலாவிராவில் ஒரு ராத்திரி. தங்குமிடங்கள் குறைவு, ஒன்றிரண்டு அரசு சார்ந்தவை, சில தனியார் புங்கா விடுதிகள், வசதி புஜ் மாதிரி இருக்காது, செல்போன் சிக்னலும் வந்து வந்து போகும். ஆனால் மாலை நான்கு மணிக்கு ஒருமுறையும் மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒருமுறையும் போனால் இரண்டு வேளையும் சாய்ந்த வெளிச்சம், குளங்களின் ஆழம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும், கூட்டமும் இருக்காது. நடுவே பக்கத்திலிருக்கும் மர ஃபாசில் பூங்காவுக்குப் போகலாம், ஜுராசிக் காலத்து மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன, அங்கிருந்து ரானைப் பார்க்கிற காட்சி தோர்டோவைவிட நல்லது, ஸ்பீக்கரும் கிடையாது. தொல்லியல் துறை அருங்காட்சியகங்கள் வழக்கமாக வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், நாள் குறிக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

காளோ டுங்கர் இந்த வழியில்தான், காவ்டாவிலிருந்து பிரிந்து மேலே ஏற வேண்டும். 462 மீட்டர், கட்ச்சில் மிக உயரமான இடம். தத்தாத்ரேயர் கோவிலில் பூஜை முடிந்ததும் பூசாரி தட்டைத் தட்டிக் கூப்பிட்டு மேடையில் பிரசாதத்தை வைப்பார், நரிகள் வந்து சாப்பிடும், வராத நாளும் உண்டு. ஏறுகிற வழியில் 'காந்த மலை' என்று ஒரு இடத்தில் டிரைவர் நியூட்ரலில் போட்டு வண்டி தானாக மேலே போகிறது பாருங்கள் என்பார், அது கண் ஏமாற்றுகிற சரிவு, ஆனாலும் சும்மா ரசியுங்கள்.

காவ்டாவிலேயே தங்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள், தோர்டோவுக்கும் தோலாவிராவுக்கும் நடுவில் இருப்பதால். மேப்பில் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். பைக்கில் வருகிற இளைஞர்களுக்கு ஓகே. குடும்பத்தோடு என்றால் அங்கே பெட்ரோல் போட்டு டீ குடித்துவிட்டு மேலே போவதே நல்லது.

இப்போது நாள்களை அடுக்கினால், நான்கு ராத்திரி இருப்பவர்களுக்கு: முதல் ராத்திரி புஜ், அடுத்த நாள் நிரோணா பார்த்துவிட்டு ஹோட்கா போய் மாலை வெள்ளை ரான், மூன்றாம் நாள் காளோ டுங்கர் வழியாகத் தோலாவிரா, நான்காம் நாள் காலை மறுபடி இடிபாடுகளைப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் புஜ் திரும்பி அரண்மனைகள், கடைசி நாள் ரயில் நேரத்தைப் பொறுத்து ஸ்மிருதிவனோ மாண்ட்வியோ. ஆறு ராத்திரி என்றால் புஜ்ஜில் இரண்டு கூட்டுங்கள், கைவினைக்கு முழு நாள், லக்பத்துக்கு முழு நாள். இரண்டே ராத்திரிதான் என்றால் தோலாவிராவை விட்டுவிடுங்கள், மனசு கேட்காது, இருந்தாலும் விடுங்கள். பெற்றோருக்கு எழுபது வயதுக்கு மேல், முட்டி சரியில்லை என்றால் ஹோட்காவுக்குப் பதிலாக டென்ட் சிட்டியில் ஒரு ராத்திரி, மீதி புஜ், தோலாவிரா வேண்டாம், அங்கே மேடு பள்ளத்தில் நடை அதிகம்.

காட்டுக்கழுதை பார்க்கும் ஆசை இருந்தால் அது இந்தக் கணக்கில் வராது. அது சின்ன ரான், தசாடா, திராங்கத்ரா பக்கம், அகமதாபாத்திலிருந்து போவதுதான் சுலபம். புஜ்ஜிலிருந்து ஒரு நாளில் போய்வரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வருகிற வழியிலோ திரும்புகிற வழியிலோ அங்கே ஒரு ராத்திரி சேர்த்துக்கொள்ளலாம்.

நம் ஊரிலிருந்து போக: திருநெல்வேலியிலிருந்து காந்திதாம் வரை வாராந்திர ஹம்சஃபர் இருக்கிறது, நாகர்கோவில், கேரளா வழியாகப் போகும், காந்திதாமிலிருந்து புஜ் 60 கிலோமீட்டர்தான். சென்னைக்காரர்கள் நவஜீவனில் அகமதாபாத் போய், அங்கிருந்து 2024 முதல் ஓடும் நமோ பாரத் ரயிலில் ஆறு மணி நேரத்துக்குள் புஜ் சேரலாம். நேரம் இல்லாதவர்கள் மும்பை போய் அங்கிருந்து விமானமோ ராத்திரி ரயிலோ. குஜராத்தில் மதுவிலக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்ட வேண்டாம். அசைவம் புஜ்ஜில் தேடினால் கிடைக்கும், வடக்கே போகப் போக அதை மறந்துவிடுங்கள்.

பதிவு செய்யும் வரிசையும் முக்கியம். பௌர்ணமி தேதியைப் பார்த்து முதலில் ஹோட்கா அல்லது தோர்டோ அறை, அடுத்து தோலாவிரா, அப்புறம் ரயில், கடைசியில் புஜ், புஜ்ஜில் அறைக்குப் பஞ்சமில்லை. வண்டி பேசும்போது "தோலாவிராவில் ராத்திரி தங்கல்" என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், டிரைவர் பேட்டா எவ்வளவு, அவர் படுக்க இடம் விடுதியில் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அன்று மதியம் மூன்று மணிக்கே புஜ் திரும்புவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.